பழைய புத்தக ‘செட்’ வாங்கும் முன் பாடக் குறியீட்டைப் பாருங்கள்

2022ஆம் ஆண்டின் இறுதியில் என் தம்பி, சென்னைப் புறநகரில் அண்ணா பல்கலைக்கழகத்துடன் இணைந்த ஒரு பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். கல்லூரிக் கட்டணமும் விடுதிக்கான முன்பணமும் கட்டி முடித்த கையோடு, முதல் பருவத்துப் புத்தகங்களைப் புதிதாக வாங்க நாலாயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும் என்று தெரியவந்தது. அப்பாவிடம் மறுபடியும் பணம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. அரக்கோணத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கும் நான், என் சம்பளத்திலிருந்தே வாங்கித் தருவதாகத் தம்பியிடம் சொல்லிவிட்டேன். அப்படி வாங்கியபோது எனக்கு நேர்ந்ததை, அடுத்த ஆண்டு பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பவிருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன்.

முதலாமாண்டு மாணவர்களுக்காக யாரோ தொடங்கியிருந்த வாட்ஸ்அப் குழு ஒன்றில், “ரெகுலேஷன் 2021, முதல் செமஸ்டர் முழு செட், நல்ல நிலையில் உள்ள பழைய புத்தகங்கள்” என்ற அறிவிப்பும் மேசைமீது பரப்பி வைத்த புத்தகங்களின் படமும் வந்தன. ரெகுலேஷன் என்பது பல்கலைக்கழகம் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றி வெளியிடும் பாடத்திட்டம். விலை 2,350 ரூபாய். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அட்டைகளில் எம்ஏ 3151, பிஎச் 3151, சிஒய் 3151 என்று தம்பியின் பாடத்திட்டத்தில் இருந்த அதே குறியீடுகள் தெரிந்தன. ‘தமிழர் மரபு’ என்ற பாடத்துக்கான புத்தகம் மட்டும் காணப்படவில்லை. கேட்டதற்கு, “அதுக்குத் தனியா புக் தேவையில்லை மேடம், நோட்ஸ் போதும்” என்று பதில் வந்தது. அந்தப் பாடம் அந்த ஆண்டுதான் புதிதாகச் சேர்க்கப்பட்டது. அதனால் பழைய ரெகுலேஷன் புத்தகங்களை வைத்திருப்பவரிடம் அது இருக்க வழியே இல்லை. அந்த இடத்தில் நான் நிதானித்திருக்க வேண்டும். ஆனால் பணத்தை அன்றே அனுப்பிவிட்டேன்.

பார்சல் நேராக விடுதிக்குப் போனது. மூன்றாம் நாள் இரவு தம்பி அழைத்தான். “அக்கா, கிளாஸ்ல மேட்ரிக்ஸ் நடத்துறாங்க, இந்தப் புக்குல அந்த யூனிட்டே இல்லக்கா” என்றான். அட்டையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். குறியீடு அச்சிடப்பட்டிருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நகத்தால் அதை உரித்தபோது அடியில் எம்ஏ 8151 என்று இருந்தது. இயற்பியல், வேதியியல் புத்தகங்களிலும் அவ்வாறே.

அப்போதைய அண்ணா பல்கலைக்கழகப் பாடக் குறியீட்டில் இரண்டு எழுத்துகளுக்குப் பிறகு வந்த முதல் எண், அது எந்த ரெகுலேஷனைச் சேர்ந்தது என்பதைக் காட்டியது. 6 என்றால் 2013, 8 என்றால் 2017, 3 என்றால் 2021. இது வெறும் எண் மாற்றம் அன்று. எம்ஏ 8151இல் ஐந்தாவது அலகு வகைக்கெழுச் சமன்பாடுகள். எம்ஏ 3151இல் அது நீக்கப்பட்டு, அணிகள் (மேட்ரிக்ஸ்) முதல் அலகாக வந்திருக்கிறது. ஆகவே தம்பியிடம் இருந்த புத்தகத்தில் தேர்வுக்குரிய ஓர் அலகு முழுவதுமாக இல்லை. முதல் உள்மதிப்பீட்டுத் தேர்வு வரப்போகும் நேரத்தில் அவன் பக்கத்து அறை நண்பனிடம் இரவல் வாங்கிப் படித்தான்.

மற்ற இரண்டு புத்தகங்களில் நடந்தது இதைவிட மோசம். பைத்தான் என்ற கணினி மொழிப் பாடத்துக்கு வந்தது, ஆலன் டவ்னி எழுதிய ‘திங்க் பைத்தான்’ இரண்டாம் பதிப்பின் ஜெராக்ஸ் பிரதி. பாடத்திட்டத்தில் உள்ள புத்தகம்தான். ஆனால் அதன் ஆசிரியர் அதை இணையத்தில் எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறார். வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது என்பதே அவர் விதித்த உரிம நிபந்தனை. அதற்கு எங்களிடம் 350 ரூபாய் வாங்கியிருந்தார்கள். பி. எஸ். கிரேவால் எழுதிய பொறியியல் கணிதப் புத்தகமோ திருட்டு அச்சு. தாள் மெல்லியது, பின்பக்கத்து எழுத்து முன்பக்கத்தில் தெரிந்தது, நடுவில் பதினாறு பக்கங்கள் இரண்டு முறை வந்து அடுத்த பதினாறு பக்கங்கள் விடுபட்டிருந்தன.

விற்றவரிடம் கேட்டேன். “ஓல்டு புக்ஸ் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்” என்று ஒரே வரியில் பதில் அனுப்பிவிட்டு என் எண்ணைத் தடுத்துவிட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழைத்தபோது பில்லும் விற்பனையாளரின் முகவரியும் கேட்டார்கள். இரண்டுமே என்னிடம் இல்லை. பணம் சென்ற கணக்கின் பெயர்கூட அவர் சொன்ன பெயராக இல்லை. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் நோட்டீஸ் அனுப்ப ஒரு முகவரி வேண்டுமே. பில் தர மறுப்பவரிடம் ஒரு ரூபாய்கூட முன்பணமாக அனுப்பாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

வேறு வழியில்லாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் தம்பியும் சென்ட்ரல் நிலையத்துக்கு அருகில் உள்ள மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளுக்குப் போனோம். ஒவ்வொரு புத்தகமாகக் கையில் எடுத்து, அட்டையை நம்பாமல் உள்ளே தலைப்புப் பக்கத்தில் குறியீட்டைப் பார்த்து, பொருளடக்கத்தைப் பாடத்திட்டத்தோடு அலகு அலகாக ஒப்பிட்டு வாங்கினோம். கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றுக்கும் சேர்த்து 620 ரூபாய்தான் ஆனது. பைத்தான் புத்தகத்தைத் தம்பி கைப்பேசியிலேயே இறக்கிக்கொண்டான். கிரேவால் புத்தகத்தை வாங்க வேண்டிய தேவையே இல்லாமல் போனது. கல்லூரி நூலகத்தில் புத்தக வங்கி இருப்பதும், பருவம் முடியும் வரை அங்கிருந்து இரவல் பெறலாம் என்பதும் நூலகர் சொல்லித்தான் அவனுக்குத் தெரிந்தது. சேர்ந்த முதல் வாரத்திலேயே நூலகத்துக்குப் போய் இதைக் கேட்கும்படி உங்கள் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

இரண்டாம் பருவம் தொடங்கியபோது வேறொரு குழுவில் அதே மேசை, அதே விரிப்போடு ஒரு புதிய படம் வந்தது. உரித்த ஸ்டிக்கரின் படத்தை அதற்குக் கீழே பதிவிட்டேன். சில நிமிடங்களில் என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அதற்குள் அதைப் பார்த்த இரண்டு மாணவர்கள் தனியாகச் செய்தி அனுப்பி, பணம் கட்டாமல் நிறுத்திக்கொண்டதாகச் சொன்னார்கள்.