லண்டன் கவுன்சில் தேர்தலில் தபால் வாக்கு: விண்ணப்பம் சுலபம், உறைதான் வில்லங்கம்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களும், பிரித்தானியாவில் தங்கச் செல்லுபடியான விசா இருந்தால், பொதுநலவாய நாட்டவர் என்ற முறையில் கவுன்சில் தேர்தலில் வாக்களிக்கலாம். ஷிஃப்ட் வேலைக்காரருக்குத் தபால் வாக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரே தபால் துவாரத்தை நாலு ஃபிளாட் பங்குபோடும் நகரின் நடுப்பகுதியில் கொஞ்சம் கவனம் தேவை.

விண்ணப்பத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். 2023 அக்டோபர் இறுதியிலிருந்து அரசு இணையதளத்திலேயே முடித்துவிடலாம். நேஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், பிறந்த திகதி, வெள்ளைத்தாளில் கறுப்பு மையால் போட்ட கையெழுத்தின் படம் போதும். வாக்குப்பதிவுக்கு 11 வேலைநாட்களுக்கு முன், மாலை 5 மணிக்குள் போய்ச்சேர வேண்டும். வாக்காளர் பதிவுக்கான கெடு அதற்கும் ஒரு நாள் முந்தியது. ஒருமுறை எடுத்தால் ஆயுசுக்கும் என்று நினைக்காதீர்கள்: அதிகபட்சம் மூன்று ஆண்டு, பிறகு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும்.

வாக்குச்சீட்டுப் பொதி தபாலில் வந்ததும்தான் சோதனை. வாக்குச்சீட்டு 'ஏ' உறைக்குள். அந்த 'ஏ' உறையும், பிறந்த திகதியும் கையெழுத்தும் உள்ள படிவமும் 'பி' உறைக்குள். பிறந்த திகதிக் கட்டத்தில் அன்றைய திகதியை எழுதிவிடுவது வழக்கமான பிழை. அதோடு வாக்கு போச்சு. விண்ணப்பத்தில் தமிழில் ஒப்பமிட்டவர் இங்கே ஆங்கிலத்தில் கிறுக்கினாலும் அதே கதி. கை நடுங்கும் பெரியவர்களுக்கு முதலிலேயே கையெழுத்து விலக்குக் கேட்டுவிடுவது புத்திசாலித்தனம். ஒரே மேசையில் கணவனும் மனைவியும் நிரப்பினால் சீட்டுகள் மாறாமல் பாருங்கள், படிவத்திலும் சீட்டிலும் உள்ள இலக்கம் ஒத்துப்போக வேண்டும்.

லண்டனில் பல வட்டாரங்களுக்கு மூன்று கவுன்சிலர்கள். அங்கே மூன்று புள்ளடி வரை போடலாம், ஒன்றோடு நிறுத்தினாலும் செல்லும். நாலாவது போட்டால் சீட்டே தள்ளுபடி.

திருப்பி அனுப்ப முத்திரை வேண்டாம். ஆனால் வாக்குப்பதிவு நாள் இரவு 10 மணிக்குள் கையில் கிடைக்காத உறை எண்ணப்படாது. கடைசி இரண்டு நாளில் தபால்பெட்டியை நம்பாமல், வாக்குப்பதிவு நாளன்று வாக்குச்சாவடியில் கொடுங்கள். உங்களுடையதோடு மற்றவர்களுடையது ஐந்து வரை கொடுக்கலாம், அங்கே ஒரு படிவம் நிரப்பியாக வேண்டும். கவுன்சில் அலுவலகக் கதவுத் துவாரத்தில் போடுவது 2024 மே முதல் செல்லாது. கட்சிக்காரர் வீடு தேடி வந்து "தாங்கோ, நாங்கள் கொண்டுபோறம்" என்றால் கொடுக்காதீர்கள். சட்டப்படி அவர்கள் அதைத் தொடவே கூடாது.

பொதி வராவிட்டால் வாக்குப்பதிவுக்கு 4 வேலைநாள் முன்பிருந்து தேர்தல் அலுவலகத்தில் மாற்றுப்பொதி கேட்கலாம். தேர்தலன்று மாலை 5 மணி வரைதான். நேரே வாக்குச்சாவடிக்குப் போனால் சீட்டுத் தரமாட்டார்கள், தபால் வாக்காளர் என்று பட்டியலில் குறித்திருக்கும். தபால் துவாரம் நம்பிக்கையில்லாதது என்றால், காரணம் சொல்லி வேறு முகவரிக்குப் பொதியைக் கேட்கலாம். அதுவும் சரிவராதவர்கள் தபால் வாக்கு எடுக்காமல் நேரில் போவதே மேல்: காலை 7 முதல் இரவு 10 வரை, படத்தில் முகம் அடையாளம் தெரிந்தால் காலாவதியான கடவுச்சீட்டையும் அடையாளச் சான்றாக ஏற்பார்கள்.