பிரிண்டர் ஒரு சப்நெட்டில், கணினி இன்னொன்றில்: மூன்று வழிகளில் எது சரிவரும்?

வீட்டு நெட்வொர்க்கை இரண்டு சப்நெட்டாக, அதாவது தனித்தனி முகவரி வரிசை கொண்ட இரண்டு பகுதிகளாக, பிரித்ததும் முதலில் தகராறு செய்வது பிரிண்டர்தான். கணினிகளும் போன்களும் 192.168.10 வரிசையில், பிரிண்டர், கேமரா, டிவி எல்லாம் 192.168.30 வரிசையில் என்று வைத்துக்கொள்வோம். பிரித்த கையோடு பிரிண்டர் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். அதைத் திரும்பக் கணினிப் பக்கமே கொண்டுவந்தால் வேலை முடிந்தது, ஆனால் ஃபர்ம்வேர் அப்டேட் நின்றுபோன ஒரு சாதனத்தைத் தள்ளி வைக்கத்தானே பிரித்தோம்?

மிஞ்சுவது மூன்று வழிகள். பிரிண்டரின் ஐபி முகவரியை ஒவ்வொரு கணினியிலும் நேரடியாகக் கொடுக்கலாம். ரவுட்டரில் எம்டிஎன்எஸ் ரிஃப்ளெக்டரை இயக்கலாம் (எம்டிஎன்எஸ் என்பது சாதனங்கள் தங்களை நெட்வொர்க்கில் அறிவித்துக்கொள்ளும் முறை, அந்த அறிவிப்பை மறுபக்கத்துக்குக் கடத்துவது ரிஃப்ளெக்டர்). நடுவில் ஒரு ராஸ்பெர்ரி பையை பிரிண்ட் சர்வராக வைக்கலாம். நான் தேர்ந்தெடுத்தது ரிஃப்ளெக்டர், அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம் சாய்ந்தே இருக்கும்.

சிக்கல் அச்சிடுவதில் இல்லை, கண்டுபிடிப்பதில் இருக்கிறது. பிரிண்டர் தன் இருப்பை 224.0.0.251 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு (பல சாதனங்கள் ஒரே நேரத்தில் கேட்கும் முகவரி), யுடிபி 5353 போர்ட்டில் அறிவிக்கிறது. அந்த அறிவிப்பை ரவுட்டர் அடுத்த சப்நெட்டுக்குக் கடத்தாது. விண்டோஸின் டபிள்யூஎஸ்டி தேடலும் (யுடிபி 3702) வீட்டு ரவுட்டரைத் தாண்டாது. அச்சு வேலையோ சாதாரண டிசிபி இணைப்பு: ஐபிபி என்ற அச்சு நெறிமுறை என்றால் போர்ட் 631, தரவை அப்படியே அனுப்பும் ரா முறை என்றால் 9100. வழி திறந்திருந்தால் எத்தனை சப்நெட்டையும் தாண்டிப் போகும்.

எந்த வழியில் போனாலும் முன்வேலை ஒன்றுதான். ரவுட்டரின் டிஹெச்சிபியில் (சாதனங்களுக்கு முகவரி வழங்கும் சேவை) பிரிண்டருக்கு ஒரு முகவரியை ஒதுக்குங்கள், 192.168.30.20 என்று வைத்துக்கொள்வோம். ஒதுக்கீடு சாதனத்தின் மேக் முகவரியை (வன்பொருள் அடையாள எண்) வைத்து நடக்கிறது, வைஃபைக்கும் கேபிளுக்கும் அது வேறு என்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றினால் இந்த ஒதுக்கீடு பொருந்தாது. ஐபியைப் பிரிண்டரிலேயே கையால் அடித்திருந்தால் கேட்வே (அடுத்த சப்நெட்டுக்குப் போக உதவும் ரவுட்டரின் முகவரி) இடத்தில் 192.168.30.1 இருக்கிறதா என்று பாருங்கள். அது காலியாக இருந்தால் கணினியின் கோரிக்கை பிரிண்டரை அடையும், பதில் திரும்பி வர வழியிருக்காது. ஃபயர்வாலைக் குற்றம் சொல்லிப் பொழுது போவது பெரும்பாலும் இதனால்தான். ஃபயர்வாலில் 10 வரிசையிலிருந்து பிரிண்டருக்கு டிசிபி 80, 443, 631, 9100, யுடிபி 161 ஆகியவற்றைத் திறந்தால் போதும். 30 வரிசையிலிருந்து 10 வரிசைக்கு, ஏற்கனவே தொடங்கிய இணைப்பின் பதில்கள் மட்டும் வரலாம். புதிய இணைப்பு எதுவும் கூடாது.

நேரடி ஐபி வழி எளிமையானது, ஒருமுறை அமைத்துவிட்டால் உடையாது. விண்டோஸில் டபிள்யூஎஸ்டி போர்ட்டை விட்டுவிட்டு டிசிபி/ஐபி போர்ட்டாகச் சேர்க்க வேண்டும். பிரிண்டரின் நிலையை விசாரிக்கும் எஸ்என்எம்பி போகும் யுடிபி 161 மூடியிருந்தால் நல்ல பிரிண்டரையும் விண்டோஸ் ஆஃப்லைன் என்று காட்டும். போர்ட் அமைப்பில் எஸ்என்எம்பி ஸ்டேட்டஸை அணைத்தால் சரியாகிவிடும். ஆண்ட்ராய்டிலும் ஐபியை அடித்துச் சேர்க்க இடமிருக்கிறது. ஐபோனில் அது கிடையாது, கான்ஃபிகரேஷன் புரொஃபைல் ஒன்றைத் தயாரித்து நிறுவ வேண்டும். வீட்டில் ஐபோனே இல்லை, ஸ்கேனும் அரிது என்றால் இந்த வழியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

என்னைத் தீர்மானிக்க வைத்தது ஸ்கேனர். ஸ்கேனில் இரண்டு திசைகள் உண்டு. கணினி கேட்டு வாங்குவது ஒன்று, பிரிண்டர் தானாக அனுப்புவது மற்றொன்று. முதலாவதில் இணைப்பைத் தொடங்குவது கணினி. படம் அதே இணைப்பின் பதிலாகத் திரும்பி வருகிறது, மேலே சொன்ன ஒருவழி விதியே போதும். பிரிண்டர் முகப்பில் "ஸ்கேன் டு பிசி" பொத்தானை அழுத்தினால் பிரிண்டர்தான் கணினியைத் தேடிப் போகிறது, விதி அதை நிறுத்திவிடும். அதற்காகப் போர்ட் திறக்கத் தொடங்கினால் பிராண்டுக்கு ஒரு கதை: பிரதரின் ஸ்கேன் பொத்தானுக்கு யுடிபி 54925-ஐப் பிரிண்டரிலிருந்து கணினிப் பக்கம் திறக்க வேண்டும். தள்ளி வைத்த சாதனத்துக்கு உள்ளே வர வாசல் வைத்தது போலாகிவிடும்.

ஆகவே கேட்டு வாங்கும் முறையையே பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கான பொது நெறிமுறை ஈஎஸ்சிஎல், சாதாரண ஹெச்டிடிபி மேல் ஓடுவது. ஆப்பிளின் ஏர்பிரிண்ட் ஆதரவுள்ள ஆல்-இன்-ஒன் மாடல்களில் பெரும்பாலும் இருக்கும். பிரவுசரில் பிரிண்டரின் ஐபி, ஒரு சாய்கோடு, ஈஎஸ்சிஎல், மீண்டும் சாய்கோடு, ஸ்கேனர்கேப்பபிலிட்டீஸ் என்று ஆங்கில எழுத்தில், இடைவெளியில்லாமல், பெரிய சிறிய எழுத்து மாறாமல் அடித்துப் பாருங்கள். எக்ஸ்எம்எல் வந்தால் வழி சரி, ஸ்கேனரும் தயார். பிரிண்டரின் முகப்புப் பக்கம் வந்து இது மட்டும் வரவில்லை என்றால், ஈஎஸ்சிஎல் அணைந்திருக்கலாம் அல்லது 8080 போன்ற வேறு போர்ட்டில் இருக்கலாம். எதுவுமே வராவிட்டால் கேட்வேயும் ஃபயர்வாலும்தான் பார்க்க வேண்டிய இடங்கள்.

லினக்ஸில் சேன்-ஏர்ஸ்கேன் என்ற ஸ்கேனர் டிரைவருக்கு இந்த முகவரியைக் கையால் கொடுக்கலாம். பல ஸ்கேன் செயலிகளில் முகவரி அடிக்க இடமே இருக்காது, தானாகக் கண்டுபிடித்ததை மட்டுமே காட்டும். ரிஃப்ளெக்டர் முந்துவது இங்கேதான். ஒரு பக்கத்து அறிவிப்பை அது மறுபக்கத்தில் திரும்பச் சொல்கிறது, அச்சும் ஸ்கேனும் எல்லாச் சாதனங்களிலும் பழையபடி தெரிகின்றன.

ஓபன்டபிள்யூஆர்டி, பிஎஃப்சென்ஸ் ஆகிய ரவுட்டர் மென்பொருள்கள் இரண்டிலும், ரிஃப்ளெக்டர் வேலை செய்யும் அவாஹியை நிறுவலாம். அதன் அமைப்பில் ரிஃப்ளெக்டரை இயக்கி, இன்டர்ஃபேஸ் பட்டியலில் இந்த இரண்டு சப்நெட்டை மட்டும் எழுதுங்கள். யுடிபி 5353 ரவுட்டரை வந்தடைய இரண்டு பக்கமும் அனுமதி வேண்டும். 0.8 பதிப்பு முதல் எந்தச் சேவைகள் கடக்கலாம் என்று வடிகட்டலாம், ஆனால் ஐபிபி, ஐபிபிஎஸ் மட்டும் எழுதினால் அச்சு தெரியும், ஸ்கேனர் தெரியாது. ஸ்கேனர் அறிவிக்கும் சேவைப் பெயர்களான யுஸ்கேன், யுஸ்கேன்ஸ் இரண்டையும் சேர்க்க வேண்டும். ஒரே இரு சப்நெட்டுக்கிடையில் இரண்டு ரிஃப்ளெக்டர் ஓடவே கூடாது, ஒன்று சொன்னதை மற்றொன்று திருப்பிச் சொல்லி நெட்வொர்க்கை நிரப்பிவிடும்.

பெயர் தெரிகிறது, இணைப்பு மட்டும் தொங்குகிறது என்றால் ஐபிவி6-ஐச் சந்தேகியுங்கள். பிரிண்டர் தன் எஃப்ஈ80 முகவரியையும் சேர்த்து அறிவிக்கும், அது அடுத்த சப்நெட்டிலிருந்து எட்டாத முகவரி. பிரிண்டரில் ஐபிவி6-ஐ அணைப்பதே சுருக்கமான தீர்வு. பட்டியல் வருவதும் போவதுமாக இருந்தால் ஆக்சஸ் பாயின்ட்டின் மல்டிகாஸ்ட் வடிகட்டலைப் பாருங்கள்.

மூன்றாவது வழியில் ராஸ்பெர்ரி பையில் கப்ஸ் என்ற மென்பொருள் அச்சைப் பகிரும், ஏர்சேன் என்ற மென்பொருள் ஸ்கேனரை ஈஎஸ்சிஎல்லாகப் பகிரும். பிரிண்டரை வேறு யாரும் தொட வேண்டியதில்லை என்பதால் பாதுகாப்பில் இதுவே மேல். யுஎஸ்பி மட்டும் உள்ள பழைய மாடலுக்கு வேறு நல்ல வழியும் இல்லை. ஆனால் அப்டேட், எஸ்டி கார்டு, டிரைவர் என்று பராமரிக்க ஒரு கணினி கூடுகிறது. இந்த வழியில் எனக்குப் பழக்கம் குறைவு, வேகத்தைப் பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன்.

முகப்புப் பொத்தானிலிருந்துதான் ஸ்கேன் செய்தாக வேண்டும் என்பவர்களுக்கு ராஸ்பெர்ரி பை வேறு விதத்தில் உதவும். அதைப் பிரிண்டர் பக்கமே வைத்து ஒரு பகிர்வு ஃபோல்டர் திறந்தால், பிரிண்டர் எஸ்எம்பி (ஃபோல்டர் பகிரும் நெறிமுறை) வழியாக அதில் போடும். கணினி டிசிபி 445 வழியே தானாகப் போய் எடுத்துக்கொள்ளும், ஒருவழி விதி அப்படியே நிற்கும். பழைய பிரிண்டர்கள் சில, இப்போது இயல்பாக அணைந்தே இருக்கும் எஸ்எம்பி 1 என்ற பழைய பதிப்பை மட்டுமே பேசும். அவற்றுக்கு அதே ராஸ்பெர்ரி பையில் எஃப்டிபி திறந்துவிடுங்கள்.