சீழைப் பரிசோதித்த பிறகே மருந்து எழுதினார்கள்

என் அப்பாவுக்கு 71 வயது, நீரிழிவும் உண்டு. காதுவலி இரவில் அவரைத் தூங்கவிடவில்லை. முதலில் பார்த்த இடத்தில் மூன்று வாரம் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற கிருமிக்கொல்லி மருந்து மட்டுமே கொடுத்தார்கள், காதில் வடிந்த சீழை யாரும் பரிசோதிக்கவில்லை. இன்றும் எனக்கு மனம் ஆறவில்லை.

பிறகு வந்த இந்தக் காது மூக்கு தொண்டைப் பிரிவில் முதல் நாளே சீழையும் சதைத் துணுக்கையும் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். சூடோமோனாஸ் கிருமி, சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அசையாத வகை. மண்டையோட்டு எலும்பு வரை தொற்று பரவியிருந்ததை ஸ்கேன் காட்டியது. 8 மணி நேரத்துக்கு ஒருமுறை செஃப்டாசிடிம் என்ற வேறொரு கிருமிக்கொல்லி ஊசி, 6 வாரம். வலி போன பிறகும் நிறுத்தவில்லை. எலும்புக்குள் புகுந்த கிருமி சீக்கிரம் அழியாது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். சர்க்கரை அளவையும் விடாமல் கவனித்தார்கள்.

காத்திருக்கும் நேரம்தான் அதிகம். அப்பா இப்போது வலித்த காதுப் பக்கமே சாய்ந்து படுக்கிறார்.