68,500 ரூபாய் கொடுத்து வாங்கிய முதியோர் மின் ஸ்கூட்டரில் பிரேக்கே இல்லை

இதை நான் எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில், பக்கத்து அறையில் அப்பா மாவுக்கட்டுப் போட்ட வலது கையைத் தலையணை மேல் வைத்தபடி படுத்திருக்கிறார். பதினோரு நாட்களுக்கு முன்பு அவருக்காக 68,500 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய மூன்று சக்கர மின் ஸ்கூட்டர், குடியிருப்பின் கீழ்த்தளத்தில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறது. கடையின் பெயரை இப்போதைக்கு எழுதப் போவதில்லை. திருச்சியில் சக்கர நாற்காலி, வாக்கர், காற்றுப் படுக்கை போன்றவற்றை விற்கும் கடை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். இத்தகைய வண்டியை வாங்கும் முன் பார்க்க வேண்டியவை அனைத்தையும் கடைசியில் விரிவாகத் தருகிறேன்.

அப்பாவுக்கு வயது 74. பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டதால், நூலகத்துக்கும் தெருமுனைத் தேநீர்க் கடைக்கும் யாருடைய கையையும் பிடிக்காமல் போய்வர வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. கடைக்காரர் எங்களை வரவேற்ற விதத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது. அவர் தரையில் மண்டியிட்டு, அப்பாவின் செருப்பைக் கழற்றி, வீங்கிய காலை இரு கைகளாலும் மெல்லத் தூக்கி, கால்வைக்கும் பலகையில் வைத்துவிட்டு, "எங்க அப்பாவுக்கும் இதே வண்டிதான்க்கா வாங்கிக் கொடுத்திருக்கேன்" என்றார். என் சந்தேகம் அத்தனையும் அந்த நொடியிலேயே கரைந்துவிட்டது.

ஆனால் அப்பா கரையவில்லை. "கைப்பிரேக் எங்க தம்பி?" என்று கேட்டார். இது மின்காந்த பிரேக், கைப்பிடியிலிருந்து விரலை எடுத்தாலே வண்டி தானாக நின்றுவிடும் என்று கடைக்காரர் விளக்கி, பளபளக்கும் டைல்ஸ் தரையில் ஓட்டியும் காட்டினார், வண்டி நின்றது. சமதரையில் எந்த மின்வண்டியும் விரலை எடுத்தால் நிற்கத்தான் செய்யும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. "அவங்களுக்குத் தெரியாதாப்பா, நீங்க சும்மா இருங்க" என்று அப்பாவை நான்தான் அடக்கினேன்.

சோதனைச் சான்றிதழ் கேட்டேன், கேட்காமல் இல்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு இரண்டு தாள்களைக் கொடுத்தார்கள். "250 வாட்டுக்குக் குறைவு, 25 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே, ஆர்.டி.ஓ. பதிவு வேண்டாம், லைசென்ஸ் வேண்டாம், எல்லா டெஸ்ட்டும் பாஸ்" என்றார்கள். 68,500 ரூபாயை அங்கேயே ஜிபேயில் அனுப்பினேன்.

ஆறாம் நாள் மாலை, கீழ்த்தளத்திலிருந்து தெருவுக்கு ஏறும் சாய்தளத்தில் அப்பா பாதி தூரம் ஏறியிருந்தார். எதிரே ஒரு கார் இறங்கி வருவதைப் பார்த்து, சொல்லிக் கொடுத்தபடியே விரலை எடுத்தார். வண்டி ஒரு கணம் தயங்கிவிட்டுப் பின்னோக்கி உருளத் தொடங்கியது. அவர் ஹேண்டிலைத் திருப்பியதும் ஒற்றை முன்சக்கரம் தரையை விட்டு எழும்ப, வண்டி பக்கவாட்டில் சாய்ந்தது. மணிக்கட்டு எலும்பு முறிந்தது. தலை சுவரில் படாமல் தப்பியது, அவ்வளவுதான்.

மறுநாள் மின்வண்டி பழுது பார்க்கும் ஒருவரை வீட்டுக்கு வரவழைத்தேன். அவர் மோட்டாரின் பின்புறம் இருந்த கறுப்பு மூடியை இரண்டு திருகுகள் கழற்றி எடுத்துக் காட்டினார். மின்காந்த பிரேக்கின் சுருளும் உராய்வுத் தகடும் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. வெற்றிடம், கொஞ்சம் கிரீஸ், இணைப்பு எதுவும் இல்லாமல் தொங்கும் இரண்டு ஒயர்கள். அப்பா கட்டுப்போட்ட கையோடு நாற்காலியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அதன் பிறகு கடையிலிருந்து கிடைத்த பதில்களை வரிசையாகச் சொல்கிறேன். முதலில், ஓனர் சென்னை போயிருக்கிறார். அடுத்து, சர்வீஸ் ஆள் பெரம்பலூரில் இருக்கிறார், திங்கட்கிழமை வருவார். திங்கட்கிழமை, அப்பாவின் எடை அதிகம் என்றார்கள். அவர் 78 கிலோ, வண்டியின் தகட்டில் 120 கிலோ என்று அச்சாகியிருக்கிறது. பிறகு, சாய்தளத்தில் ஓட்டினால் வாரன்டி கிடையாது என்றார்கள். அவர்களே கொடுத்த விளம்பரத் தாளில் 12 டிகிரி ஏற்றம் ஏறும் என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. கடைசியாக, 6,200 ரூபாய் கொடுத்தால் பிரேக் "பொருத்தித் தருகிறோம்" என்றார்கள். இல்லாத பிரேக்குக்குத்தானே முதலில் 68,500 ரூபாய் கொடுத்தேன்!

சான்றிதழைப் பற்றிக் கேட்டபோது நடந்ததுதான் உச்சம். வாகனச் சோதனை நிலையத்தின் சான்று எங்கே என்று கேட்டால், இது வாகனமே இல்லை, மருத்துவ உபகரணம் என்கிறார்கள். அப்படியானால் மருத்துவ உபகரணப் பதிவு எண்ணைக் கொடுங்கள் என்றால், இது வண்டிதானே மேடம், அதற்கு எதற்குப் பதிவு என்கிறார்கள். மண்டியிட்டபோது அக்காவாக இருந்த நான் இப்போது மேடம் ஆகிவிட்டேன்.

இரண்டு தாள்களையும் அதன் பிறகே உட்கார்ந்து படித்தேன். ஒன்று யூ.என். 38.3 சோதனை அறிக்கை. லித்தியம் பேட்டரியை விமானத்திலும் கப்பலிலும் அனுப்பும்போது அது தீப்பிடிக்காமல் இருக்குமா என்று பார்க்கும் சோதனை அது. வண்டியின் பிரேக்குக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. மற்றொன்று சி.இ. குறியீட்டுக்கான உறுதிமொழி. ஐரோப்பாவில் மிகக் குறைந்த ஆபத்துள்ள முதல் வகுப்பு மருத்துவச் சாதனங்களுக்குத் தயாரிப்பாளர் தானே எழுதிக் கையெழுத்திட்டுக்கொள்ளும் காகிதம் அது. அதில் இருந்த மாடல் எண்ணும் எங்கள் வண்டியின் தகட்டில் இருந்த எண்ணும் வேறு வேறு.

பதிவு வேண்டாம் என்று அவர்கள் சொன்னதிலும் பாதி உண்மைதான் இருந்தது. மத்திய மோட்டார் வாகன விதிகள் 2(யு)-வின்படி, மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருப்பதை, விதி 126-இல் குறிப்பிடப்பட்ட சோதனை நிறுவனம் ஒன்று சரிபார்த்து அங்கீகரித்தால்தான், அந்த மின்வண்டி மோட்டார் வாகனம் அல்ல என்று கருதப்படும். புணேயின் ஏ.ஆர்.ஏ.ஐ. போன்றவை அத்தகைய நிறுவனங்கள். பதிவிலிருந்து விலக்குப் பெறுவதற்கே சோதனை வேண்டும் என்பதை விழுங்கிவிட்டு, விலக்கை மட்டும் விற்கிறார்கள். மருத்துவ உபகரணம் என்றே வைத்துக்கொண்டாலும் தப்ப முடியாது. உடற்குறைபாட்டுக்கு உதவும் சாதனங்களையும் உள்ளடக்கிய அரசின் மருத்துவ உபகரண வரையறை 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. மின் சக்கர நாற்காலிகளுக்கும் இத்தகைய ஸ்கூட்டர்களுக்கும் உரிய ஐ.எஸ்.ஓ. 7176 என்ற சர்வதேசத் தரநிலைத் தொடரில், பொம்மையை உட்காரவைத்துச் சாய்த்துப் பார்க்கும் நிலைத்தன்மைச் சோதனை முதல் பகுதியாகவும், பிரேக் சோதனை மூன்றாம் பகுதியாகவும் இருக்கின்றன. எங்கள் வண்டிக்கு அந்தச் சோதனையைச் செய்த பொம்மை என் அப்பாதான்.

விரிவாகத் தருவதாகச் சொன்ன அறிவுரைகளை எழுதக் கை ஓடவில்லை, சுருக்கமாகவே சொல்கிறேன். கடையின் டைல்ஸ் தரையில் ஓட்டிப் பார்த்துவிட்டு நம்பாதீர்கள்; சரிவில் நிறுத்தி, விரலை எடுத்து, ஒரு நிமிடம் நகராமல் நிற்கிறதா என்று பாருங்கள், முதலில் நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். தள்ளிக்கொண்டு போவதற்காகப் பின்புறம் இருக்கும் நெம்புகோலை விடுவித்தால் நல்ல வண்டியிலும் மின்காந்த பிரேக் வேலை செய்யாது. அதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். சான்றிதழில் உள்ள மாடல் எண்ணைத் தகட்டோடு ஒப்பிடாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். பில்லில் "மின்காந்த பிரேக்" என்று எழுதி வாங்குங்கள். என் பில்லில் "ஸ்கூட்டர் 1" என்றுதான் இருக்கிறது.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். 68,500 ரூபாய்க்கான வழக்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்யவும் போகிறேன். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை. கழற்றிய மூடியையும் அந்த இரண்டு ஒயர்களையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நான்கு மணிக்கு அப்பாவை எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போக வேண்டும், ஆட்டோ வந்துவிட்டது.