முதியோர் சங்கங்களுக்கு கொழும்பு ட்ரிப் போடுறவை கவனம்!!

கிளிநொச்சி, முல்லைத்தீவு பக்கம் முதியோர் சங்கங்களுக்கு கொழும்புப் பயணம் ஒழுங்கு செய்து தாறன் எண்டு ஒரு ஆள் திரியிறார். காசு குடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ.

எங்கட சங்கத்து அம்மாமார் ஐயாமாருக்கு ஓவியக் கண்காட்சி பாக்க ஆசை வந்ததே ஒரு ரீச்சர் வந்து கதைச்சதாலதான். யாழ்ப்பாணக் கம்பஸில இருக்கிற ஓவியர் சனாதனன் சேர், இடம்பெயர்ந்த சனம் விட்டிட்டு வந்த வீடுகளை ஞாபகத்தில இருந்து கீறிக் குடுத்ததுகளை 2011இல புத்தகமாக் கொண்டு வந்தவர், அதைப் பற்றி அந்த ரீச்சர் சொல்லச் சொல்ல கனபேர் அழுதிட்டினம். இப்பிடியான வேலையள் வைக்கிற இடத்தை ஒருக்கா கண்ணால பாக்கோணும் எண்டு நிண்டவை.

அந்த ஆளிட்டத்தான் நாங்களும் காசு குடுத்தம், ஆளுக்கு 9500 ரூபா. ஏசி பஸ், ரெண்டு நேரச் சாப்பாடு, தமிழில விளங்கப்படுத்த ஒரு ஆள், கண்காட்சி டிக்கெட் 1500 எண்டு பிரிச்செழுதியும் காட்டினவர்.

வந்தது ஏசி இல்லாத பழைய பஸ், முழங்கால் வருத்தக்காரர் ஏறேலாத உயரத்தில படி. கொழும்புக்குப் போனா முதல்ல சீலைக்கடை, பிறகு கல்லு நகைக்கடை, எல்லாம் அவரிட கொமிஷனுக்கு. இன்சுலின் போடுற ஆக்கள் இருக்கினம், நேரத்துக்குச் சாப்பாடு வேணும் எண்டு முதலே சொல்லியும் சோத்துப் பார்சல் வரேக்க மூண்டு மணி தாண்டிட்டு, ஒரு அம்மாக்கு கை நடுங்கி வேர்த்து ஊத்த பக்கத்தில இருந்தவா தன்ர பையில கிடந்த பிஸ்கட்டும் சீனித்தண்ணியும் குடுத்துத்தான் ஆளைத் தெளிய வச்சது. இதை என்னால மன்னிக்கவே ஏலாது.

கிரெஸ்கட் கடைத்தொகுதியில இருக்கிற நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகத்துக்குப் போகேக்க மூடுற நேரம் கிட்ட. வாசலில ஒருத்தரும் டிக்கெட் கேக்கேல்ல, கேட்டா அங்க ஆருக்கும் இலவசமாம்! அங்க நிண்ட பிள்ளையள் நல்ல மரியாதையா கூட்டிக்கொண்டு போச்சினம், தமிழிலயும் எழுதி வச்சிருக்கு. ஆனா ஆறுதலா நிண்டு வாசிக்க எங்க நேரம்? விளங்கப்படுத்த வாற ஆளும் வரேல்ல.

அந்த 1500 எங்க எண்டு கேட்டா "பார்க்கிங்" எண்டார். ரசீது கேட்டா போனை வச்சிட்டார்.

300 கிலோமீற்றருக்கு மேல வயசுபோன சனத்தைக் கொண்டு போறது விளையாட்டில்லை. போற இடத்துக்கு நீங்களே போன் பண்ணி டிக்கெட் இருக்கோ, எத்தினை மணிக்கு மூடுவினம் எண்டு கேளுங்கோ. பஸ்ஸை முதல் நாளே போய்ப் பாருங்கோ, பாதிக் காசை திரும்பி வந்தாப்பிறகு குடுங்கோ. கேட்டா ரசீது குடுத்தே ஆகோணும், 2003ஆம் ஆண்டு 9ஆம் இலக்கப் பாவனையாளர் சட்டத்திலயே அது இருக்கு. முறைப்பாட்டுக்கு பாவனையாளர் அதிகாரசபையின்ர 1977 இலக்கத்துக்கு போன் எடுங்கோ.

நாங்கள் எல்லாரும் கையெழுத்து வச்சு முறைப்பாடு எழுதியாச்சு. இதே ஆளிட்ட காசு குடுத்த வேற சங்கங்கள் இருந்தா உங்கட முறைப்பாட்டையும் போடுங்கோ, கனபேர் சேந்து குடுத்தாத்தான் கவனிப்பினம்.