குளுக்கோமீட்டரோடு இரண்டரை வருடம்: கர்ப்பகால சுகரும் அதற்குப் பிறகும்

முதல் செக்கப்பில் எல்லாம் நார்மல். 26-வது வாரம் மறுபடி 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தார்கள். 140-க்குக் கீழே இருக்க வேண்டியது எனக்கு 168. அன்று சாயங்காலமே இந்தக் குளுக்கோமீட்டரை வாங்கினோம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. மெஷினுக்கு ஒரு தடவைதான் செலவு, கையைக் கடிப்பது ஒவ்வொரு தடவையும் ரத்தத் துளி வைக்கிற ஸ்ட்ரிப். காலையில் வெறும் வயிற்றில் ஒன்று, மூன்று வேளையும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒவ்வொன்று என்று தினமும் நாலு தடவை பார்க்கச் சொன்னார்கள். 50 ஸ்ட்ரிப் டப்பா இரண்டு வாரம்கூட வராது. பக்கத்து மருந்துக்கடையில் எப்போதும் கிடைக்கிற ஸ்ட்ரிப்பா என்று முதலில் விசாரியுங்கள்.

எனக்குச் சொன்ன அளவு வெறும் வயிற்றில் 95-க்குள், சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் 120-க்குள். நாலு இட்லி சாப்பிட்ட அன்று 151. இரண்டு இட்லியும் ஒரு கிண்ணம் சுண்டலும் சாப்பிட்ட அன்று 114. "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்மா" என்று தட்டை நிரப்பிக்கொண்டிருந்த அத்தையிடம் இரண்டு எண்ணையும் காட்டினேன். அன்று ராத்திரியே பயறு ஊறப்போட்டார். பிரசவம் வரை அது நிற்கவில்லை.

ஒரு நாள் 186 காட்டியதும் அழுதே விட்டேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது, மாம்பழம் நறுக்கிய கை. சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, வேறு விரலில் குத்தினேன். 109. விரல் நுனியில் குத்தாதீர்கள், ஓரத்தில் குத்தினால் வலி குறைவு. ஐப்பசி மழையில் ஸ்ட்ரிப் டப்பாவைச் சரியாக மூடாமல் வைத்து, அடுத்தடுத்துப் பார்த்ததில் 98, 141 என்று வந்தது. அந்த டப்பாவையே தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

32-வது வாரத்துக்கு மேல் வெறும் வயிற்று சுகர் மட்டும் இறங்க மறுத்தது. என்ன தப்பு செய்தேன் என்று மருகினேன். நஞ்சுக்கொடியின் ஹார்மோன்கள் இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது, மாதம் ஏற ஏற அது கூடும் என்று டாக்டர் விளக்கியதும்தான் மனம் ஆறியது. நோட்டில் தேதிவாரியாக எழுதியிருந்ததைப் பார்த்து ராத்திரிக்கு இன்சுலின் எழுதினார். இன்சுலின் பிள்ளைக்குப் போய்ச் சேராது என்றும் சொன்னார். ஊசியைவிட அந்தப் பயம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

38-வது வாரம் மகள் பிறந்தாள். பிறந்த பிள்ளைக்கு சுகர் இறங்கிவிடலாம் என்று அவள் குதிகாலில் குத்திப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட மூன்று மாதம் என் விரலில் குத்தும்போது வராத கண்ணீர் அப்போது வந்தது. அளவு சரியாகவே இருந்தது.

ஆறு வாரம் கழித்து மறுபடி அதே குளுக்கோஸ் தண்ணீர். நார்மல். ஆனால் கர்ப்பத்தில் சுகர் வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வர வாய்ப்பு அதிகம் என்பதால் மெஷினை யாருக்கும் கொடுக்கவில்லை. மாதம் ஒரு தடவை பார்க்கிறேன். வீட்டு அளவு லேபிலிருந்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதனால் வருடாவருடம் லேபிலும் ரத்தம் கொடுக்கிறேன். போன தடவை வெறும் வயிற்றில் 92.