மலையேறத் துணி: ஆர்கானிக் காட்டனா, பாட்டில் பாலியஸ்டரா, கட்டிங் வேஸ்ட் நூலா?

2024 அக்டோபரில் வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 மலைப்பாதைகளைத் திறந்ததிலிருந்து, திருப்பூரில் சின்ன யூனிட் நடத்தும் நண்பர்கள் என்னிடம் ஒரே விஷயத்தைப் பேசுகிறார்கள். மலையேறுகிறவர்களுக்கென்று சொந்த பிராண்டில் டீ-சர்ட், டிராக் பேன்ட் போட வேண்டும். காட்டை விரும்பிப் போகிறவன் வாங்கும் துணி காட்டையும் ஆற்றையும் கெடுக்கக் கூடாது. அப்படியானால் எந்தத் துணி?

எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. மலையேறுகிறவன் மேலே கையில் அள்ளிக் குடிக்கும் ஓடைத் தண்ணீர்தான், நாம் அவன் சட்டைக்குச் சாயம் போடும் ஊருக்குள் வருகிறது. பாசனத்துக்காக 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுக் குட்டையாகிப் போனதையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னதையும் இங்கே யாரும் மறக்கவில்லை. அதனால் நான் துணியை எடைபோடுவது முதலில் சாயப்பட்டறையில், அப்புறம்தான் கடையில்.

போட்டியில் மூன்று பேர்: ஆர்கானிக் காட்டன், பழைய பாட்டிலிலிருந்து வரும் பாலியஸ்டர், துணி வெட்டும்போது மிஞ்சும் நம் ஊர் கட்டிங் வேஸ்ட்டை நார் பிரித்து மறுபடி நூற்கும் நூல்.

மலையில் எது எப்படி

பருத்தி காற்றிலிருக்கும் ஈரத்தில் தன் எடைக்குச் சுமார் 8 சதவீதம் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது. பாலியஸ்டர் சட்டை வியர்வையை வெளியே தள்ளிச் சீக்கிரம் காய்கிறது. பருத்தி குடித்துக் கனத்து, மெதுவாகக் காய்கிறது. குளிர்நாட்டு மலையேறிகள் பருத்தியே கூடாது என்பது இதனால்தான். பனிக்காற்றில் ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், உயிருக்கே ஆபத்து.

அந்த அறிவுரையை அப்படியே சிறுமலைக்கும் ஜவ்வாது மலைக்கும் கொண்டுவர வேண்டியதில்லை. பகல் வெயிலில் ஏறும்போது ஈரமான பருத்தி முதுகில் ஒட்டினால் அது சுகம், உடம்பு குளிர்கிறது. பாலியஸ்டரோ சாயங்காலத்துக்குள் நாற்றம் பிடித்துவிடும், துவைத்தாலும் முழுதாகப் போகாது. அதனால் ஒவ்வொரு தடவை போட்டதும் துவைக்க வேண்டியிருக்கிறது.

ஆனால் வெள்ளியங்கிரி வேறு கதை. பாதிப் பேர் இரவில் ஏறுகிறார்கள். ஏழாவது மலையில் விடியற்காலைக் காற்று அடிக்கும்போது, வியர்வையில் நனைந்த பனியன் போட்டவர்கள் பாறை மறைவில் ஒடுங்கி நடுங்கிக்கொண்டிருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பையில் ஒரு காய்ந்த சட்டை இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. இல்லாதவருக்கு பாலியஸ்டர்தான் நல்லது. மழைக்காலத்து வால்பாறைக்கும் அதேதான், அங்கே பருத்தி இரண்டு நாளானாலும் காயாது. அட்டைக்கடியைத் தடுக்கப் போடும் காலுறை மட்டும் விதிவிலக்கு. அதை நெருக்கமாக நெய்த பருத்தியில்தான் தைக்கிறார்கள், அது நன்றாகவே வேலை செய்கிறது.

ஆக, உடம்பைக் கேட்டால் இரண்டுக்கும் இடமிருக்கிறது.

சாயப்பட்டறைக் கணக்கு

விவாதம் சூடு பிடிப்பது இங்கே. 100 கிலோ பருத்தித் துணிக்குக் கறுப்புச் சாயம் போடுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணீர் என்றால் 800 லிட்டர். அடர் நிறங்களுக்கு லிட்டருக்கு 80 கிராம் உப்பு போட்டால்தான் சாயம் தண்ணீரைவிட்டு நாரில் ஏறும். கூட்டிப் பார்த்தால் 64 கிலோ. 50 கிலோ மூட்டை ஒன்று முழுசாகக் கொட்டி, இன்னொன்றையும் பிரிக்க வேண்டும். மெஷின் பக்கத்துத் தொட்டியில் தொழிலாளி அந்த மூட்டையைச் சாய்த்துக் கரைப்பதை ஒருமுறை நின்று பார்த்தவருக்கு கறுப்பு டீ-சர்ட் வேறு மாதிரித் தெரியும். உப்பு நாரில் தங்குவதில்லை. வேலை முடிந்ததும் அத்தனையும் கழிவுத் தண்ணீரோடு வெளியே வருகிறது. ஒட்டாத சாயம் போக, துணியைத் திரும்பத் திரும்ப அலசவும் வேண்டும்.

பருத்தி ஆர்கானிக்காக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. பூச்சிமருந்தில்லாமல் விளைந்த பஞ்சுக்கும் அதே உப்புதான். 'ஆர்கானிக்' என்ற லேபிளைப் பார்த்து வாங்குகிறவர்களுக்கு இது தெரிவதில்லை, விற்கிறவர்களும் சொல்வதில்லை.

இப்போது கழிவு ஆற்றுக்குப் போவதில்லையே என்று கேட்கலாம். பெரும்பாலும் உண்மைதான். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஆர்.ஓ. வைத்துத் தண்ணீரைத் திரும்ப எடுக்கின்றன. மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்கின்றன. சாயத்துக்குப் போடும் உப்பான சோடியம் சல்பேட்டைப் பிரித்து மறுபடி சாயத்துக்கே தருகிறார்கள். திருப்பூர் இதைச் செய்துகாட்டியதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் அந்தக் கொதிகலனுக்கு விறகோ நிலக்கரியோ வேண்டும், ஆர்.ஓ.வுக்கு மின்சாரம் வேண்டும், பிரிக்க முடியாத கலப்பு உப்பு கொட்டகைகளில் குவிகிறது. கழிவைக் குறைக்க முடிந்தால், சுத்திகரிப்பதை நம்பிக்கொண்டு இருக்கக் கூடாது.

பாலியஸ்டருக்கு உப்பே வேண்டாம். 130 டிகிரி சூட்டில், அழுத்தத்தில், வேறு வகைச் சாயம் நேராக நாருக்குள் போய்விடும். அதைவிட நல்ல வழியும் உண்டு. உருக்கும்போதே நிறத்தைக் கலந்து நூலாக இழுப்பது. அப்படி வரும் நூலுக்குச் சாயப்பட்டறையே தேவையில்லை. இந்த இடத்தில் பாட்டில் பாலியஸ்டர் பருத்தியைத் தெளிவாக ஜெயிக்கிறது. இதைச் சொல்ல பருத்திக்காரர்கள் தயங்குவார்கள், நான் தயங்கவில்லை.

பாட்டில் கதையின் மறுபக்கம்

2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி நாடாளுமன்றத்துக்கு அணிந்துவந்த இளநீல மேலங்கி பழைய பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து வந்த துணி, அதைச் செய்தது கரூர் நிறுவனம். எங்கள் வட்டாரத்துக்கு அது நல்ல விளம்பரம். இந்த யோசனை புதிதும் இல்லை. அமெரிக்காவின் மலையேற்ற உடை நிறுவனமான பட்டகோனியா 1993-லேயே பாட்டிலிலிருந்து குளிர்ச்சட்டை போட்டது.

எனக்கு உறுத்துவது இரண்டு. பாட்டிலை மறுபடி பாட்டிலாக்க முடியும். சட்டையாக்கிவிட்டால் அந்தச் சுழற்சி அநேகமாக அதோடு முடிகிறது, கிழிந்த சட்டை குப்பைக்குத்தான் போகும். 2025-26 முதல் கெட்டி பிளாஸ்டிக் பேக்கேஜிங்கில் 30 சதவீதம் மறுசுழற்சிப் பொருள் இருக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதி சொல்கிறது. இனி பாட்டில் கம்பெனிகளும் அதே பிளாஸ்டிக் சில்லுகளைத் தேடி வருவார்கள். துணிக்காரன் பாட்டிலைக் குப்பையிலிருந்து காப்பாற்றுகிறான் என்ற பேச்சு அப்போது எடுபடாது.

இரண்டாவது, துவைக்கும்போது உதிரும் இழை. 2016-ல் இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வு, 6 கிலோ பாலியஸ்டர் துணியை மெஷினில் துவைத்தால் கிட்டத்தட்ட 5 லட்சம் நுண்ணிழைகள் வெளியேறலாம் என்று கணக்கிட்டது. வீட்டுச் சாக்கடை நேராக ஓடைக்குப் போகும் நம் ஊர்களில் அதைத் தடுக்க நடுவில் எதுவும் இல்லை. சொரசொரப்பாகத் தேய்த்துப் பஞ்சு எழுப்பிய ஃப்ளீஸ் அதிகம் உதிர்க்கும், நீண்ட ஒற்றை இழையில் பின்னிய வழுவழுப்பான துணி குறைவாக உதிர்க்கும். பாலியஸ்டர் போடுவதென்றால் இரண்டாவதைப் போடுங்கள். கொடைக்கானல் குளிருக்கு ஃப்ளீஸ் விற்றே ஆக வேண்டும் என்ற ஆசையை விட்டுவிடலாம்.

கட்டிங் வேஸ்ட் நூல்

வெளியூர்க்காரர்களுக்கு அதிகம் தெரியாத இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. திருப்பூரில் ஒரு டீ-சர்ட் வெட்டினால் கழுத்து, கை வளைவுகளில் துண்டுகள் மிஞ்சுகின்றன. அவற்றை வாங்கி, நிறம் வாரியாகப் பெண்கள் பிரிக்கிறார்கள். கறுப்பு ஒரு மூட்டை, நேவி ஒரு மூட்டை, சாம்பல் ஒரு மூட்டை. மெஷினில் கிழித்துப் பஞ்சாக்கி, குட்டை நாரையும் நூற்கும் ஓ.இ. (ஓப்பன் எண்ட்) மில்லில் நூலாக்குகிறார்கள். துண்டில் ஏற்கெனவே நிறம் இருப்பதால் மறுபடி சாயம் வேண்டாம். புதுப் பருத்தி வயல் வேண்டாம், உப்பும் வேண்டாம், கொதிகலனும் வேண்டாம். இந்தக் கணக்கில் இதை அடிக்க ஆளில்லை.

குறை எங்கே? கிழித்த நார் குட்டையாகிவிடும், நூல் வலு குறையும். அதைச் சரிக்கட்ட பெரும்பாலும் பாலியஸ்டர் கலக்கிறார்கள். கலந்த துணியை நாளைக்குப் பிரித்து மறுசுழற்சி செய்வது மிகவும் கஷ்டம். தடவிப் பார்த்தால் கொஞ்சம் முரடு. மெல்லிய 140 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 140 கிராம்) டீ-சர்ட் எதிர்பார்த்தால் கிடைக்காது, கனமான துணிதான் நன்றாக வரும். நிறமும் ஒவ்வொரு லாட்டுக்கும் லேசாக மாறும். ஏற்றுமதி பையருக்கு அது ரிஜெக்ட். 200, 300 பீஸ் போடும் சின்ன பிராண்டுக்கு அது தடையே இல்லை, போன மாத நேவியும் இந்த மாத நேவியும் வேறு என்று நேராகச் சொல்லி விற்கலாம்.

சான்றிதழும் குறைந்தபட்ச ஆர்டரும்

சின்ன கம்பெனி விழுவது பெரும்பாலும் இங்கேதான். ஆர்கானிக் என்று நம்பும்படி லேபிள் ஒட்ட, ஆர்கானிக் துணிக்கான சர்வதேசத் தரமான ஜி.ஓ.டி.எஸ். போன்ற சான்று வேண்டும். நூல் மில், நிட்டிங், சாயம், தையல் என்று ஒவ்வொரு படியும் சான்று பெற்றிருக்க வேண்டும், ஒவ்வொரு விற்பனைக்கும் தனித் தாள் வேண்டும். 300 பீஸுக்கு இந்தச் செலவு கட்டாது. தாளை மட்டும் நம்பவும் முடியாது. 2020-ல் இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்தி போலிச் சான்றில் ஆர்கானிக்காக வலம் வந்ததை ஜி.ஓ.டி.எஸ். அமைப்பே கண்டுபிடித்து அறிவித்தது.

பட்டகோனியா 1996-ல் தன் பருத்தி அத்தனையையும் ஆர்கானிக்குக்கு மாற்றியது, அவர்கள் அளவுக்கு மில்காரர்கள் இறங்கி வந்தார்கள். நமக்கு அப்படி வரமாட்டார்கள். வழி ஒன்றே, ஏற்கெனவே சான்றோடு ஓடும் பெரிய ஆர்டரில் மிஞ்சிய துணியை வாங்குவது. மத்தியப் பிரதேசம், ஒடிசா, மகாராஷ்டிரா பருத்தி அது. கோவில்பட்டிப் பக்கத்துக் கருங்கண்ணிப் பருத்தி மானாவாரியில், மருந்தில்லாமல் வரும் அருமையான ரகம். ஆனால் நார் குட்டை. நெய்த சட்டைக்கு ஆகும், மெல்லிய பனியன் துணிக்கு ஆகாது.

பாட்டில் பாலியஸ்டருக்கான ஜி.ஆர்.எஸ். சான்றும் இதே மாதிரிச் சங்கிலிதான். கட்டிங் வேஸ்ட் நூலுக்கு மில்லையே நேரில் போய்ப் பார்த்துவிடலாம், பைக்கில் போகிற தூரம்.

கம்பளி பற்றியும் கேட்கிறார்கள். மெரினோ உடம்புக்கு மிகச் சிறந்தது, நாற்றம் பிடிக்காது, நனைந்தாலும் சூடு காக்கும். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையம் பாரத் மெரினோ ஆடுகளையே வளர்க்கிறது. ஆனால் துணியளவில் கம்பளி வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும், விலை எட்டாது. இப்போதைக்கு விட்டுவிடலாம்.

என் தேர்வு

நார் எது என்பதைவிட நிறம் எது என்பதே முக்கியம் என்று நினைக்கிறேன். கறுப்புக்குப் பதில் வெளிர் நிறம் எடுத்தால் லிட்டருக்கு 20, 30 கிராம் உப்பே போதும். சாயமே போடாமல், அழுக்கும் மெழுகும் போக அலசிய பருத்தி என்றால் உப்பு பூஜ்யம். பருத்திக் கொட்டையின் கரும்புள்ளிகள் அங்கங்கே தெரியும், அதற்கு வாடிக்கையாளர் சண்டைக்கு வரமாட்டார், சொல்லிவிட்டால் போதும். வெளிர் துணியில் செம்மண் கறை ஏறுவதும், காட்டில் பளிச்சென்று தெரிவதும் நியாயமான புகார். அதற்குக் கடுக்காயும் அன்னபேதியும் (இரும்புச் சல்பேட்) இருக்கின்றன, இரண்டும் சேர்ந்தால் மங்கிய சாம்பல் நிறம் வரும். வியர்வையில் கொஞ்சம் வெளுக்கும், ஆனால் பாறையோடு கலந்துபோகிற நிறம்.

முதல் ஆர்டரை நான் இப்படிப் பிரிப்பேன். பகல் நடைக்கான டீ-சர்ட், சாயமில்லாத அல்லது வெளிர் நிற ஆர்கானிக் காட்டனில், 180 ஜி.எஸ்.எம்.முக்குக் குறையாமல். மேலே போடும் கனமான ஸ்வெட்ஷர்ட், கட்டிங் வேஸ்ட் நூலில், கிடைக்கிற நிறத்தில். இரவு ஏற்றத்துக்கும் மழைக்கும் ஒரு முழுக்கைச் சட்டை மட்டும் பாட்டில் பாலியஸ்டரில், உருக்கும்போதே நிறம் சேர்த்த நூலில், ஒரே நிறம். புதுப் பருத்தியையும் பாலியஸ்டரையும் கலந்த துணியை விலை குறைவு என்பதற்காக வாங்கவே மாட்டேன். கட்டிங் வேஸ்ட்டில் கலப்பைப் பொறுத்துக்கொள்வது, அது வெட்டியதில் மிஞ்சிய துண்டு என்பதால்.

இன்னொன்றையும் ஆர்டரோடே செய்வேன். அதே லாட்டில் கொஞ்சம் கழுத்து ரிப்பையும் (இழுபடும் பின்னல் பட்டை) கைப்பட்டி ரிப்பையும் கூடுதலாகப் பின்னி வைத்துக்கொள்வேன். டீ-சர்ட்டில் முதலில் போவது கழுத்து, ஸ்வெட்ஷர்ட்டில் ஜிப். ஊரெல்லாம் ஓவர்லாக் மெஷின் ஓடும் திருப்பூரில், கூரியரில் வந்த பழைய சட்டைக்குக் கழுத்து மாற்றிக் கொடுக்க ஒரு டெய்லருக்கு அரைமணி நேரம்கூட ஆகாது.